மைல் ஏறிய மஞ்சள் ப்யூக்

ஆர்லிங்டன், டெக்சாஸ்
அக்டோபர் 6, 1991

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

தம்பி டுவைட் எழுதுவது. நானும் நோரீனும் சுகம். நீயும் எல்டன் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? ஆகஸ்டில் அத்தானுக்கு வந்தது லேசான பக்கவாதம்தான், வலது கை கொஞ்சம் மரத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். இப்போது கை தேவலையா? உன் எண்ணுக்கு இரண்டு முறை போன் அடித்தேன். அப்படி ஒரு எண்ணே இல்லை என்கிறார்கள். என்ன ஆயிற்று?

அக்டோபரிலும் இங்கே வியர்வை ஊற்றுகிறது. கார் ஆலையில் புது வேலை ஓடுகிறது. ஃபோர்மேன் பக்லி, பல்குத்தியை வாயிலிருந்து எடுக்காமலே பேசுகிற ஜென்மம். ஃபிளின்ட்டில் இருபது வருஷம் ப்யூக் கார் செய்தவனுக்கு போல்ட் முடுக்கப் பாடம் நடத்துகிறான். "மிச்சிகன்காரங்க எல்லாருமே இவ்ளோ மெதுவா?" என்று கேட்டான். "மெதுவா பண்ணதாலதான் நாங்க பண்ணது இன்னும் ஓடுது" என்றேன். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை. நிம்மதி.

உன்னிடம் விட்டுவந்த என் ப்யூக்கைப் பற்றி. குளிர் தொடங்கப்போகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கேரேஜ் கதவைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிடு. நின்ற இடத்திலேயே ஓடட்டும். பனியைக் கரைக்கச் சாலையில் உப்புப் போட ஆரம்பித்தபின் அது வாசலைத் தாண்டவே கூடாது, உப்பு தகரத்தை அரித்துவிடும். அந்த 1970 ஜிஎஸ்எக்ஸ் மாடலில் கம்பெனி மொத்தமாக எழுநூறு வண்டிகூடச் செய்யவில்லை அக்கா. அதிலும் இவ்வளவு குறைவாக ஓடிய வண்டி எத்தனை மிச்சம் இருக்கும் சொல்? மஞ்சள் பெயிண்டில் கீறல் இல்லை, கறுப்புப் பட்டை உரியவில்லை. உன் வீட்டில் இருக்கிறது என்பதால்தான் இங்கே தூங்குகிறேன்.

அத்தானை மிகவும் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
டுவைட்


ஃபிளின்ட், மிச்சிகன்
நவம்பர் 10, 1991

அன்புத் தம்பி டுவைட்டுக்கு,

அக்காவின் அன்பு. நாங்கள் இருவரும் சுகம். எல்டன் பசித்துச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார், கை தேறிவருகிறது. உன் கால்வலி எப்படி? நோரீன் சௌக்கியமா?

போன் இணைப்பை நான்தான் எடுக்கச் சொல்லிவிட்டேன். நாள் முழுக்க யாராவது ஜன்னல் விற்கிறேன், பத்திரிகை விற்கிறேன் என்று தொல்லை. நமக்குக் கடிதம் போதும். போனில் நீ "ம்", "சரி", "வச்சிடறேன்" தவிர என்ன பேசியிருக்கிறாய்?

நீ சொன்னபடி வண்டியைக் கிளப்பினேன். சுவரில் தொங்கிய மண்வெட்டி கீழே விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு மேரியன் டோம்ப்ரௌஸ்கி தலையில் சுருள் உருளைகளோடு ஓடிவந்தாள். "வெர்னா! வீட்டுக்குள்ள விமானம் எதாவது எறங்கிடுச்சா?"

"தம்பி வண்டி, மேரியன்."

"தம்பிய டெக்சாசுக்கு அனுப்பிட்டு அவன் சத்தத்த மட்டும் இங்க வச்சிக்கிட்டியாக்கும்!"

எல்டனும் வீட்டுச் செருப்போடு கேரேஜுக்கு வந்து நின்றார். அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்திருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். அந்த கிளட்ச் ஏன் அவ்வளவு கெட்டி? என் கால் அதற்கு எட்டவும் இல்லை. சும்மாதான் கேட்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
வெர்னா


ஆர்லிங்டன்
டிசம்பர் 15, 1991

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது. முன்கூட்டியே கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

நின்ற இடத்தில் உறுமப்போகிற வண்டிக்கு கிளட்ச் எதற்கு? கேட்டுவிட்டாய் என்பதற்காகச் சொல்கிறேன். சீட்டுக்கு அடியில் ஒரு கம்பி இருக்கும். அதை இழுத்தால் சீட் முன்னே வரும். இழுக்காதே.

இங்கே எல்லாம் எப்போதும்போலத்தான். சொல்லும்படி ஒன்றுமில்லை. நோரீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குப் போகிறாள். வீட்டிலிருந்து போரடிக்கிறதாம்.

மினசோட்டாவிலிருந்து லிண்ட்ஸ்ட்ரம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பழைய வேக வண்டிகள் சேகரிக்கிறவர். என் ப்யூக்கைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். விலைக்குக் கேட்கிறார். ஒன்றும் முடிவு செய்யவில்லை. இதில் அத்தான் என்ன நினைக்கிறார் என்று தெரிய வேண்டும். இடது கையாலாவது இரண்டு வரி எழுதச் சொல். அவர் கோழிக்கிறுக்கலைப் பார்த்து நாளாயிற்று.

குளிரில் காதை மூடிக்கொள்.

உன் தம்பி,
டுவைட்


ஃபிளின்ட்
ஜனவரி 30, 1992

அன்புத் தம்பிக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் சுகம்தான். பனி ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டது. மேரியன் மான்கறிக் குழம்பு கொடுத்தனுப்பினாள். மகன் சுட்ட மானாம். சாப்பிட்ட பிறகு, வண்டியில் அடிபட்டுச் செத்த மானாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. எல்டன் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

எல்டன் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். எழுதத்தான் சோம்பல். வண்டி உன்னுடையது, நீ எது செய்தாலும் சரி என்கிறார்.

மேரியன் மகன் ஒரு சந்தேகம் கேட்டான். வண்டிக்கு அடியில் ஒட்டிய சாலை உப்பைக் கழுவுவதற்கு வெந்நீர் நல்லதா, பச்சைத் தண்ணீரா? அவன் வண்டிக்குத்தான்.

நீ ஏன் இளைத்துப்போனதாக நோரீன் கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதியிருக்கிறாள்? வயிறு சரியில்லையா?

அன்புடன்,
வெர்னா


ஆர்லிங்டன்
மார்ச் 8, 1992

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இளைக்கவில்லை. நோரீன் கண்ணாடி மாற்ற வேண்டும். உங்கள் இருவர் உடம்பும் நன்றாக இருக்கிறதென்று நம்புகிறேன். பச்சைத் தண்ணீர்தான் நல்லது என்று அந்தப் பையனிடம் சொல்.

வண்டியை லிண்ட்ஸ்ட்ரமுக்கே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். இந்த ஊர் வெயிலுக்கு அதைக் கொண்டுவந்து என்ன செய்வது? அவரிடம் நல்ல கொட்டகை இருக்கிறது. மனிதரும் விஷயம் தெரிந்தவராகப் படுகிறார். உரிமைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஏப்ரலில் பார்க்க வருவார். பிடித்துப்போனால் பிறகு டிரெய்லர் கொண்டுவந்து ஏற்றிக்கொள்வார். தூசி மட்டும் தட்டி வை. வேறு எதையும் தொடாதே.

அத்தான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அந்த வண்டி வாங்கிய நாளில் ஷோரூம்காரன் சாவியை என்னிடம் நீட்டினான். நான் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றதால் அத்தான்தான் வாங்கிப் பிடித்துக்கொண்டார். அவரிடம் கேட்காமல் விற்கிறேனே என்றிருக்கிறது. என்மேல் வருத்தமா என்று கேட்டு எழுது.

உடம்பைக் கவனி.

டுவைட்


ஆர்லிங்டன்
ஏப்ரல் 27, 1992

அக்காவுக்கு,

லிண்ட்ஸ்ட்ரம் நேற்று போன் செய்தார். உன் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனாராம். நீ காப்பி கொடுத்தாயாம், கேக் கொடுத்தாயாம். வண்டியைப் பற்றிக் கேட்டால் மட்டும் "தம்பியக் கேளுங்க" என்றாயாம்.

மைல் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறதாம். சக்கரத்துக்கு மேலே உட்புறம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. சீட்டுக்கு அடியில் ஹாட் டாக் கடைக் காகிதம். பக்கத்து சீட்டில் தலையணை. "நீங்க எனக்கு எழுதினது வேற வண்டியப் பத்தியா?" என்று கேட்டார்.

இருபத்திரண்டு வருஷம், மழைத்துளி படாமல் வைத்திருந்தேன் அக்கா. யாருக்கு ஓட்டக் கொடுத்தாய்? மேரியன் மகனுக்கா? அத்தான் வீட்டில் இருந்தும் ஒரு வார்த்தை தடுக்கவில்லையா? உன்னை நம்பித்தானே விட்டுவந்தேன்.

அத்தான் உடம்புக்கு எழுது.

டுவைட்


ஃபிளின்ட்
ஜூன் 14, 1992

அன்புத் தம்பி டுவைட்டுக்கு,

நீயும் நோரீனும் நலமாக இருக்க வேண்டும். ஆறேழு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்கப்போவதில்லை.

எல்டனுக்கு வந்தது லேசான வாதம் இல்லை. வலது கையோடு பேச்சும் போய்விட்டது. ஆகஸ்டிலிருந்து ஒரு சொல் இல்லை. வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். அவர் உன்னை விசாரித்ததாக எழுதியதெல்லாம் நான் சொன்னது. போன் இணைப்பை எடுக்கச் சொன்னதும் அதனால்தான். அத்தானைக் கூப்பிடு என்பாய். சொல்லியிருந்தால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பாய். புது வேலையில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருக்கவில்லை. எப்படிச் சொல்வேன்?

ஜன்னலோரம் உட்காரவைத்தால் உட்கார்ந்திருப்பார். ஊட்டினால் சாப்பிடுவார். நான் இருப்பது தெரிகிறதா என்றே பல நாள் சந்தேகம் வரும். நவம்பரில் உன் வண்டியைக் கிளப்பிய அன்று, தானாக எழுந்து வந்தார் டுவைட். கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். இடது கையால் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு காத்திருந்தார். எஞ்சினை அணைத்துவிட்டு, "எறங்குங்க, உள்ள போலாம்" என்றேன். அசையவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு எதிர்பார்ப்பை நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று தெரியுமா? அன்று இறக்கி உள்ளே கூட்டிப்போய்விட்டேன். நான் ஒரு பாவி என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு, நீ இழுக்காதே என்று சொல்லப்போகிற கம்பியை நானே கண்டுபிடித்து இழுத்துவிட்டேன். வாசலிலேயே நாலு தடவை அணைந்துபோனது. மேரியன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "கால மெதுவா எடுடி! மெதுவா!" என்று கத்தினாள். டார்ட் நெடுஞ்சாலை வரை போய்த் திரும்பினோம். பிறகு எல்லா ஞாயிறும், சர்ச் முடிந்ததும். உப்புப் போட்ட பிறகும்தான். வந்ததும் அடியில் படுத்து நானே கழுவினேன். பச்சைத் தண்ணீரில்தான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம். பக்கத்தில் ஒரு வாலிபன், புது வண்டி. கண்ணாடியை இறக்கி, "பாட்டி, அதுக்கு ஓடத் தெரியுமா, இல்ல தள்ளிக்கிட்டுத்தான் போவீங்களா?" என்றான். பச்சை விழுந்தது. நான் மிதித்தேன். அடுத்த விளக்கு வரை அந்தப் பிள்ளையைப் பின்பக்கக் கண்ணாடியில்தான் பார்த்தேன். அப்போது பக்கத்தில் ஒரு சத்தம். எல்டன் சிரிக்கிறார். ஓரத்தில் நிறுத்தி, ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

வண்டியைக் கெடுத்துவிட்டேன். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

இனி உன் கதை. அக்டோபருக்குப் பிறகு உன் கடிதம் எதிலும் பக்லிக்கு ஒரு வசைகூட இல்லை. ஃபோர்மேனைத் திட்டாமல் நீ இரண்டு வாரம் இருந்தால் உனக்கு ஃபோர்மேனே இல்லை என்று அர்த்தம். வேலை போய்விட்டது, இல்லையா? போரடித்து யாராவது பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போவார்களா?

விற்றுவிடு டுவைட். லிண்ட்ஸ்ட்ரமுக்கு நடந்ததை நானே எழுதிவிட்டேன். வண்டி இல்லாவிட்டாலும் எல்டன் என்னோடுதான் இருப்பார். நாங்கள் சமாளிப்போம்.

அன்புடன்,
அக்கா


ஆர்லிங்டன்
ஜூன் 21, 1992

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நோரீன்தான் சத்தமாகப் படித்தாள். அந்தச் சிவப்பு விளக்கு இடம் வந்ததும் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவள் படிக்க முடியாமல் என்னிடம் கொடுத்துவிட்டாள்.

ஆமாம், நவம்பரில் வேலை போனது. இருநூறு பேரில் ஒருத்தன். பக்லியும்தான் போனான். போகிறபோது பல்குத்தியை எடுத்துவிட்டு என் கையைக் குலுக்கினான். உனக்கு எழுத வெட்கமாக இருந்தது.

வண்டியை விற்கவில்லை. பத்திரத்தைக் கிழித்துப் போடு. அத்தான் ஒவ்வொரு ஞாயிறும் போகட்டும். மைல் ஏறட்டும். மூன்றாவது கியர் போடும்போது அவசரப்படாதே, மெதுவாகத் தள்ளு. இதைத்தான் ஏப்ரலில் எழுதியிருக்க வேண்டும். வேறு என்னென்னவோ எழுதிவிட்டேன்.

அத்தானுக்கு ஒரு முத்தம் கொடு. என் பெயரைச் சொல்லிக் கொடு.

டுவைட்


ஃபிளின்ட்
ஜூலை 19, 1992

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். இந்த முறை உண்மையாகவே சுகம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நீ திட்டி முடித்துவிடு. பத்திரத்தை நான் கிழிக்கவில்லை. வியாழக்கிழமை லிண்ட்ஸ்ட்ரம் டிரெய்லரோடு வந்தார், கொடுத்துவிட்டேன். காசோலை தனித் தபாலில் வருகிறது.

உனக்கு வேலை இல்லை, நோரீன் கால்கடுக்க நிற்கிறாள். உங்கள் சோற்றை நான் ஞாயிறுதோறும் ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. அவ்வளவுதான், இதற்கு மேல் பேச வேண்டாம்.

லிண்ட்ஸ்ட்ரம் நல்ல மனிதர். என் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். ஏற்றுவதற்கு முன்னால் என்னிடம் வந்து, "அம்மா, ஐயாவ ஒரு சுத்து நான் கூட்டிட்டுப் போகவா?" என்று கேட்டார். தெருவைச் சுற்றி வந்தார்கள். எல்டன் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாராம். இறங்கும்போது முகம் தொங்கிப்போயிருந்தது. "உப்புக் கறைய அப்படியே வச்சிருக்கப்போறேன். கேக்கறவங்களுக்குச் சொல்றதுக்கு ஒரு கதை வேணுமே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிரெய்லர் திரும்பி மறையும் வரை எல்டன் வாசலில் நின்றார். நான் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அன்று மாலை மேஜையில் சூப்பை வைத்தேன். எழுந்து கேரேஜ் பக்கம் போனார். காலியிடத்தைப் பார்த்துவிட்டு வந்து, உட்காராமல் நின்றார். உதடு எதையோ தேடியது. கழுத்து நரம்பு புடைத்தது. "டுவை..." என்றார். நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். "டுவைட்... எங்க?"

"வண்டியா? வண்டி எங்கன்னா கேக்கறீங்க?"

இல்லையென்று கோபத்தோடு தலையாட்டினார். இடது கையால் மேஜையைத் தட்டினார். "டுவைட்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோடையில் ஞாயிறுதோறும் நீங்கள் இரண்டு பேரும்தானே அந்த வண்டியில் ஒரு சின்னச் சுற்றுப் போவீர்கள், என்னைக்கூட ஏற்றாமல்? நீ கண்ணாடியைத் துடைத்து முடிக்கும் வரை அவர் முதலில் ஏறி உட்கார்ந்திருப்பார். நவம்பரிலும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் அவரை ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் அத்தனை ஞாயிறும் நீ வருவாய் என்று காத்திருந்திருக்கிறார்.

நேற்றும் கேட்டார். இன்று காலையிலும். "டுவைட் எங்க" என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. என் பெயர்கூட இல்லை. எனக்கு அதில் பொறாமை உண்டு, மறைக்கவில்லை.

நான் என்ன பதில் சொல்லட்டும் டுவைட்?

அக்கா


ஃபிளின்ட்
ஆகஸ்ட் 9, 1992

அன்புள்ள நோரீனுக்கு,

வெர்னாவின் அன்பு. கால்வீக்கம் குறைந்ததா? சமையலறையில் நிற்கும்போது கனமான காலுறை போட்டுக்கொள்.

உன் கணவன் பத்திரமாக வந்துசேர்ந்தான். பஸ்ஸில் கழுத்து பிடித்துக்கொண்டதாம். ஒரு பக்கமாகவே தலையை வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். எல்டன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். நான் கதவைத் திறப்பதற்குள் எழுந்து வந்து என்னைத் தள்ளிவிட்டு முன்னால் நின்றார். டுவைட் வழியெல்லாம் என்னென்ன பேச வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வந்தானாம். அதையெல்லாம் விட்டுவிட்டு அத்தானைக் கட்டிப்பிடித்து நின்றான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, குற்றவாளி மாதிரி, "வண்டி இல்ல அத்தான். வித்தாச்சு" என்றான்.

எல்டன் காலி கேரேஜைப் பார்த்தார். டுவைட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நட."

பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு இருவரும் நடக்கக் கிளம்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். மேரியன் வேலியோரம் நின்று, "என்ன எல்டன், பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று வம்பிழுக்கிறாள். நேற்று அவளைப் பார்த்து "போடி" என்றார். நாற்பது வருஷத்தில் அவர் யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மேரியன் சந்தோஷத்தில் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இங்கேயும் வேலை கிடைப்பது கஷ்டம்தான். டுவைட் பஸ் பட்டறை ஒன்றில் விசாரித்திருக்கிறான். கிடைத்தால் உண்டு. கிடைக்கும்வரை காசோலைப் பணம் தாங்கும். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. திரை புதிதாகத் தைத்துவிட்டேன். நீ எப்போது வருகிறாய் என்று மட்டும் எழுது.

இதை எழுதும்போது ஜன்னல் வழியே அவர்கள் தெரிகிறார்கள். தெருமுனைத் தபால்பெட்டியருகே நிற்கிறார்கள். எல்டன் இடது கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்ல முயல்கிறார். அந்தச் சொல் இன்னும் வரவில்லை போலிருக்கிறது. உன் கணவன் அவசரப்படாமல் நின்றுகொண்டிருக்கிறான்.

அன்புடன்,
வெர்னா